கவுன்சில் வீட்டைச் சொந்தச் செலவில் திருத்துவோருக்கு இங்கிலாந்தில் உள்ள வரிச் சலுகைகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டில், அதாவது உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீட்டில், இருப்பவர் தம் சொந்தப் பணத்தில் சமையலறையை மாற்றினாலும், குளியலறையைத் திருத்தினாலும், அந்தச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை. இந்தியாவில் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு பெற்றுப் பழகியவர்கள் இங்கே வந்ததும் அதுபோன்ற ஒரு கட்டத்தை வரிப் படிவத்தில் தேடுவதுண்டு. அப்படி ஒரு கட்டம் இந்நாட்டுப் படிவத்தில் இல்லை. ஆனால் சலுகையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது: வேலைக்குப் போடப்படும் வாட் (மதிப்புக்கூட்டு) வரியில், குடியிருப்போர் கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸில், வீட்டு வாடகையில், வீட்டைக் காலி செய்யும்போது கேட்டுப் பெறக்கூடிய இழப்பீட்டில். கடைசி இரண்டும் வரி அல்ல என்றாலும், செலவழித்த பணம் திரும்பி வரும் வழி என்பதால் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த வழிகாட்டி இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் வாடகைச் சட்டங்கள் வேறு. வாட் வரி பற்றிய பகுதி மட்டும் பெரும்பாலும் அங்கேயும் பொருந்தும்.

முதல் படி: உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள்

கவுன்சில் வீடு கிடைத்தவுடன் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தை எடுத்து முதல் பக்கத்தைப் படியுங்கள். புதிதாக வீடு பெற்றவர்களைப் பல கவுன்சில்கள் முதல் 12 மாதங்களுக்கு ‘இன்ட்ரொடக்டரி டெனன்சி’ என்ற சோதனைக் காலத்தில் வைக்கும். அதை மேலும் 6 மாதங்கள் நீட்டிக்கவும் கவுன்சிலால் முடியும். அது குறையின்றி முடிந்தால் நிலையான வாடகை உரிமையான ‘செக்யூர் டெனன்சி’ ஆகும். கீழே சொல்லப்படும் திருத்தும் உரிமையும் இழப்பீட்டு உரிமையும் 1985ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி செக்யூர் டெனன்சி உள்ளவர்களுக்கே உரியவை. ஆகவே சோதனைக் காலத்தில் இருப்பவர்கள் பெரிய செலவு எதையும் தள்ளிப்போடுவதே நல்லது. ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு போன்ற கால வரையறை குறிக்கப்பட்டிருந்தால் உங்கள் உரிமைகள் வேறுபடும். அதைக் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹவுசிங் அசோசியேஷன் எனப்படும் லாப நோக்கற்ற வீட்டுவசதி அமைப்புகளின் வீடுகளில் இருப்பவர்களும் தங்கள் வீட்டைப் பேச்சு வழக்கில் கவுன்சில் வீடு என்றே சொல்கிறார்கள். ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் ஹாரோவிலும் நம்மவர்கள் பேசுவதைக் கேட்டால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று தோன்றும். சட்டத்தில் வேறுபாடு உண்டு. ஹவுசிங் அசோசியேஷன் வாடகைதாரர் பெரும்பாலும் ‘அஷ்யூர்ட் டெனன்சி’ உடையவர். அவருக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதை அவருடைய ஒப்பந்தமும் அந்த அமைப்பின் கொள்கையும்தான் தீர்மானிக்கும். வாட் வரிச் சலுகையும் கவுன்சில் டாக்ஸ் சலுகையும் இரு தரப்பாருக்கும் ஒன்றே.

இரண்டாம் படி: கவுன்சில் செய்ய வேண்டிய வேலைக்கு நீங்கள் பணம் கொடுக்காதீர்கள்

வீட்டின் கட்டமைப்பு, வெளிப்புறம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு, வெப்பமூட்டும் அமைப்பு, குளியல் தொட்டி, சிங்க், கழிப்பறை ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி வீட்டு உரிமையாளரான கவுன்சிலின் கடமை. பாய்லர் வேலை செய்யவில்லை என்றால் அது பழுது. அதற்குச் சொந்தப் பணத்தில் புது பாய்லர் வாங்கிப் பொருத்துவது வீண். இதில் புதியவர்கள் தயங்குகிறார்கள். புகார் செய்தால் வீடு பறிபோகும் என்ற அச்சம் சிலருக்கு உண்டு. அதற்கு அடிப்படை இல்லை.

பழுதில்லாமல் பழையதாக மட்டும் இருக்கும் பொருள்களுக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கு 2006இல் வகுக்கப்பட்ட தர வரையறை, சமையலறை 20 ஆண்டுக்கு உட்பட்டதாகவும் குளியலறை 30 ஆண்டுக்கு உட்பட்டதாகவும் இருப்பதை நவீன வசதிக்கான அளவுகோல்களில் சேர்த்தது. பல கவுன்சில்கள் இதையொட்டி முறை வைத்துச் சமையலறைகளை மாற்றுகின்றன. ‘எங்கள் தெருவுக்குச் சமையலறை மாற்றும் திட்டம் எந்த ஆண்டு?’ என்று ஹவுசிங் ஆஃபீசருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் செலவே தேவைப்படாமல் போகலாம். பரண் வெப்பக்காப்புக்கும் இதே கேள்வி பொருந்தும்.

குடும்பத்தில் ஊனமுற்றவரோ நடக்க இயலாதவரோ இருந்தால், எதற்கும் முன்பு அன்றாடச் செயல்களுக்கு என்ன வசதி தேவை என்று மதிப்பிடும் ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்’ வந்து பார்க்கக் கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவில் கேளுங்கள். அவர் தேவை என்று எழுதும் கைப்பிடி, சிறு சாய்தளம் போன்ற 1,000 பவுண்டுக்கு மேற்படாத சிறு மாற்றங்களை இங்கிலாந்தில் வயது வந்தவர்களுக்கு இலவசமாகச் செய்து தர வேண்டும். பெரிய மாற்றங்களையும் பல கவுன்சில்கள் தம் வீடுகளில் தாமே செய்து தருகின்றன.

மூன்றாம் படி: எழுத்துமூலம் அனுமதி

இதுவே எல்லாவற்றுக்கும் ஆணிவேர். செக்யூர் டெனன்சி உள்ளவர் கவுன்சிலின் எழுத்துமூல அனுமதியின்றி வீட்டில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது; அதே வேளையில், கவுன்சிலும் தக்க காரணமின்றி அனுமதியை மறுக்கக் கூடாது. இவ்விரண்டும் மேற்சொன்ன 1985ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் 97ஆம் பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. திருத்தம் என்பது நாம் நினைப்பதைவிட விரிவானது. சுவரை இடிப்பது மட்டுமல்ல, மின் இணைப்பைக் கூட்டுவது, தொலைக்காட்சி ஆண்டெனா பொருத்துவது, வீட்டின் வெளிப்புறத்துக்கு வண்ணம் பூசுவது எல்லாமே அதற்குள் அடங்கும்.

விண்ணப்பத்தில் செய்யப்போகும் வேலை, எந்த அறை, அளவுகளுடன் ஒரு கைவரைபடம், பயன்படுத்தும் பொருள்கள், வேலை செய்பவரின் பெயரும் தொழில் பதிவும், மதிப்பிட்ட செலவு ஆகியவற்றை எழுதுங்கள். எரிவாயு தொடர்பான வேலை என்றால் ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். அதோடு மூன்று கேள்விகளையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்: இந்த வேலை இழப்பீட்டுக்குத் தகுதியுள்ள திருத்தமா, அனுமதிக்கு நிபந்தனைகள் என்ன, வீட்டைக் காலி செய்யும்போது இதைப் பழைய நிலைக்கு மாற்ற வேண்டியிருக்குமா. பின்னாளில் உங்கள் பக்கம் பேசப்போவது இந்தப் பதில் கடிதம்தான்.

2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய தகவலையும் கேட்டு வாங்குங்கள். புடைப்பு வேலைப்பாடு கொண்ட பழைய கூரைப் பூச்சிலும், தரை ஓட்டின் அடியிலும், குழாய் உறையிலும் அது இருக்கக்கூடும். தெரியாமல் துளையிட்டால் உடலுக்குக் கேடு. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவாக இருக்கும் என்பதால் அதை மாற்ற அனுமதி கிடைப்பது அரிது. கம்பளத்தை எடுத்துவிட்டு லேமினேட் தரை போடுவதற்கும், கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கும் என்ற காரணத்தால், மறுப்பு வருவதுண்டு.

கவுன்சில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வீட்டின் பாதுகாப்பு குறையும், கவுன்சிலுக்கு வீண் செலவு வரும், வீட்டின் விலையோ வாடகை மதிப்போ குறையும் என்பவை நீதிமன்றம் கருத்தில் கொள்ளும் காரணங்கள். நியாயமான காலத்துக்குள் பதிலே வரவில்லை என்றால் அதைச் சட்டம் மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறது. மௌனம் சம்மதம் என்ற நம் ஊர் வழக்கு இங்கே செல்லாது. அனுமதி இல்லாமல் முன்பே வேலையை முடித்துவிட்டவர்கள் இப்போது விண்ணப்பிக்கலாம், ஏனெனில் பின்னால் தரும் அனுமதியும் செல்லுபடியாகும் என்று சட்டம் சொல்கிறது. கிடைக்கும் என்பதற்கு உறுதி மட்டும் இல்லை.

நான்காம் படி: வாட் வரியைச் சரியாகக் கணக்கிடச் செய்யுங்கள்

வீட்டு வேலைகளுக்குப் பொதுவான வாட் வரி 20 விழுக்காடு. மூன்று சூழல்களில் இது குறைகிறது, அல்லது அறவே இல்லாமல் போகிறது. சலுகையைக் கொடுப்பவர் வேலை செய்யும் நிறுவனத்தார். அவர் பில்லிலேயே குறைத்துப் போட வேண்டும். நீங்கள் பின்னால் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு எழுதிப் பணத்தைத் திரும்பப் பெறும் முறை இதற்கு இல்லை. எனவே கோட்டேஷன் வாங்கும்போதே பேசிவிட வேண்டும்.

முதலாவது, ஆற்றல் சேமிப்புப் பொருள்கள். வெப்பக்காப்பு, கதவு சன்னல்களில் காற்றுப் புகாமல் அடைக்கும் பட்டைகள், வெப்பமூட்டும் அமைப்பின் கட்டுப்பாட்டுக் கருவிகள், சூரிய ஒளித் தகடுகள், வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் ஆகியவற்றைப் பொருத்துவதற்கு 2022 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை வாட் வரி பூச்சியம். அதன்பின் 5 விழுக்காடு. பொருளும் கூலியும் ஒரே நிறுவனத்திடமிருந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. கடையில் வெப்பக்காப்புச் சுருளை நீங்களே வாங்கி வந்து பரணில் விரித்தால் 20 விழுக்காடு கட்டித்தான் வாங்கியிருப்பீர்கள். இரட்டைக் கண்ணாடி வைத்த டபுள் கிளேசிங் சன்னல் இந்தப் பட்டியலில் இல்லை. விற்பனையாளர் ‘ஆற்றல் சேமிப்பு’ என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அதற்கு முழு வரிதான்.

இரண்டாவது, ஊனமுற்றோருக்கான வேலைகள். அன்றாடச் செயல்களைப் பெரிதும் நெடுங்காலமும் பாதிக்கும் உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர், நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய் என்று மருத்துவத் துறை கருதும் நோயுள்ளவர், உயிர் பிழைக்க இயலாத நோயுள்ளவர் ஆகியோருக்கு இது உரியது. சாய்தளம் அமைப்பது, கதவு வழியையும் நடைவழியையும் அகலமாக்குவது, அவருடைய உடல்நிலை காரணமாகத் தேவைப்படும் குளியலறை அல்லது கழிப்பறை வேலை, மாடிப்படி லிஃப்ட் ஆகியவற்றுக்கு வாட் வரி பூச்சியம். நோய் இருந்தால் மட்டும் போதாது, அந்த வேலை அந்த நோயின் காரணமாகத் தேவைப்பட வேண்டும். பக்கவாதத்தால் ஒரு கால் இழுத்துக்கொண்ட தந்தைக்காகக் குளியல் தொட்டியை எடுத்துவிட்டுத் தரைமட்டக் குளியலிடம் அமைக்க 5,000 பவுண்டு ஆகிறது என்றால், வரியோடு சேர்ந்து 6,000 ஆகியிருக்கும். சலுகையால் அந்த 1,000 பவுண்டு மிச்சம். வேலையின்போது உடைந்த சுவரையும் ஓடுகளையும் சரிசெய்வதும் இதிலேயே அடங்கும். இதற்காக நோயின் தன்மையைக் குறித்து ஓர் உறுதிமொழிப் படிவத்தை நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். மருத்துவர் கையெழுத்து தேவையில்லை. வாடகை ஒப்பந்தம் மகன் பெயரில் இருந்தாலும், படிவத்திலும் பில்லிலும் தந்தையின் பெயர் இருப்பது அவசியம், ஏனெனில் சலுகை அவருக்கு உரியது.

மூன்றாவது, 60 வயது நிறைந்தவர்களுக்கான சலுகை. நோயேதும் இல்லாவிட்டாலும், கைப்பிடி, சாய்தளம், மாடிப்படி லிஃப்ட், உட்காரும் இருக்கை கொண்ட ஷவர், கதவு வைத்த குளியல் தொட்டி போன்றவற்றைப் பொருளோடு பொருத்தித் தந்தால் வாட் வரி 5 விழுக்காடு. முழுக் குளியலறையையும் புதுப்பிக்கும் வேலைக்கு இது நீளாது. இதற்கும் ஊனமுற்றோர் சலுகைக்கும் தகுதி உள்ளவர், வரி பூச்சியமாகும் ஊனமுற்றோர் சலுகையையே கேட்க வேண்டும்.

இங்கே நம் சமூகத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. தெரிந்த பில்டரிடம் ‘கையில் காசாகக் கொடுத்தால் வாட் இல்லை’ என்று பேசி முடிப்பதைச் சேமிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்டு வரவு 90,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு பில்டர் வாட் பதிவு செய்யத் தேவையில்லை. அவர் வாட் போடாமல் பில் தருவது முறையானதே. ஆனால் அவர் வாங்கும் பொருள்களுக்குக் கடையில் கட்டிய 20 விழுக்காடு உங்கள் விலைக்குள் மறைந்திருக்கும். ஆகவே வரி பூச்சியமாகும் வேலைக்கு வாட் பதிவு பெற்ற நிறுவனமே பல வேளைகளில் மலிவாக அமையும். பில்லே தராத பில்டரிடம் போனால், வரிச் சலுகைக்கும் ஆதாரம் இல்லை, இழப்பீட்டுக்கும் ஆதாரம் இல்லை, வேலை பழுதானால் கேட்கவும் இடமில்லை.

ஐந்தாம் படி: கவுன்சில் டாக்ஸும் வாடகையும்

புதுச் சமையலறை போட்டால் கவுன்சில் டாக்ஸ் ஏறிவிடும் என்று அஞ்ச வேண்டாம். இங்கிலாந்தில் வீடுகளின் பேண்ட், அதாவது கட்ட வேண்டிய தொகையைத் தீர்மானிக்கும் படிநிலை, 1991 ஏப்ரல் 1ஆம் நாள் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நீங்கள் செய்யும் திருத்தத்துக்காக உடனே பேண்ட் உயராது. நீங்கள் செலவழித்துச் செய்த திருத்தத்தைக் காட்டி வாடகையை உயர்த்தவும் கூடாது என்று வீட்டுவசதிச் சட்டத்தின் 101ஆம் பிரிவு தடுக்கிறது. ஆண்டுதோறும் எல்லாருக்கும் ஏறும் வாடகை உங்களுக்கும் ஏறும், அது வேறு.

குறையும் வழியும் ஒன்று உண்டு. வீட்டில் வசிக்கும் ஊனமுற்றவரின் தேவைக்காக இரண்டாவது குளியலறையோ சமையலறையோ இருந்தால், அல்லது ஓர் அறை பெரும்பாலும் அவர் பயன்பாட்டுக்கென்றே இருந்தால், அல்லது வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓட்ட இடம் தேவைப்பட்டால், ஒரு பேண்ட் கீழே உள்ளவர் கட்டும் தொகையைக் கட்டினால் போதும். டி பேண்டில் இருப்பவருக்கு ஒன்பதில் ஒரு பங்கு குறையும். மிகக் கீழான ஏ பேண்டில் இருப்பவருக்கும் குறைப்பு உண்டு. வருமானத்தைப் பார்ப்பதில்லை, ஊனமுற்றவர் குழந்தையாகவும் இருக்கலாம். இருக்கும் ஒரே குளியலறையை மாற்றியமைத்தது மட்டும் போதாது என்பதால் பலரின் விண்ணப்பம் தள்ளுபடியாகிறது. கீழ்த்தளத்துச் சாப்பாட்டு அறையை அவருடைய படுக்கையறையாக மாற்றியிருந்தால் அதையே காட்டி விண்ணப்பியுங்கள்.

ஆறாம் படி: வீட்டைக் காலி செய்யும்போது இழப்பீடு

1994 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய திருத்தங்களுக்கு இந்த உரிமை உண்டு. விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இத்தனை ஆண்டு ஆயுள் என்று அதில் குறித்திருக்கிறார்கள். சமையலறை அலமாரி, வேலைப் பலகை, சிங்க் ஆகியவற்றுக்கு 10 ஆண்டு. குளியல் தொட்டி அல்லது ஷவர், கழிப்பறை, கைகழுவும் தொட்டி, வெப்பமூட்டும் அமைப்பு ஆகியவற்றுக்கு 12. மின் இணைப்பு வேலைகளுக்கு 15. பரண் மற்றும் சுவர் இடைவெளி வெப்பக்காப்புக்கும் டபுள் கிளேசிங்குக்கும் 20. ரேடியேட்டர் வெப்பக்கட்டுப்பாட்டு வால்வுக்கு 7, காற்றடைப்புக்கு 8. வீட்டுப் பாதுகாப்புப் பொருள்களுக்கு 10, ஆனால் திருட்டு அலாரத்துக்கு எதுவும் இல்லை. வண்ணம் பூசுவதும் கம்பளமும் தோட்ட வேலையும் பட்டியலில் இல்லை.

கணக்கு எளியது. 1,800 பவுண்டுக்குச் சமையலறை அலமாரிகள் போட்டு, 3 ஆண்டு 4 மாதம் கழித்து வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முழுமையடையாத ஆண்டையும் ஓர் ஆண்டாகவே எண்ணுவதால் 4 ஆண்டு கழிந்ததாகக் கொள்வர். பத்தில் நான்கு போக மீதி ஆறு பங்கு, அதாவது 1,080 பவுண்டு உங்களுக்கு வர வேண்டும். ஒரு திருத்தத்துக்கு உச்ச வரம்பு 3,000 பவுண்டு. கணக்கில் 50 பவுண்டுக்குக் குறைவாக வந்தால் ஒன்றும் தருவதில்லை. 4,200 பவுண்டு செலவான சன்னல்களை 5 ஆண்டில் விட்டுப் போகிறவருக்குக் கணக்கில் 3,150 வந்தாலும் 3,000தான் கிடைக்கும்.

பொருள் விலையும் கூலியும் செலவில் சேரும். நீங்களே உழைத்த உழைப்புக்கு மதிப்பில்லை. அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் சேரா. மானியம் ஏதும் பெற்றிருந்தால் அது கழிக்கப்படும். கவுன்சில் போட்டிருக்கக்கூடியதைவிட உயர்ந்த தரத்தில் செய்திருந்தாலோ, விலை மிகையாக இருந்தாலோ, பொருள் அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தாலோ தொகையைக் குறைக்கலாம். கிரானைட் பலகை போட ஆசைப்படுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வாடகைப் பாக்கி இருந்தால் அதையும் இதிலேயே ஈடுகட்டிவிடுவார்கள். வாடகைதாரரின் தவறு காரணமாக நீதிமன்ற உத்தரவால் வீட்டை இழந்தவருக்கும், அதே வீட்டுக்குப் புது ஒப்பந்தம் பெறுபவருக்கும் இழப்பீடு இல்லை.

காலக்கெடுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஒப்பந்தம் முடிவதற்கு 28 நாள் முன்பிலிருந்து, முடிந்த 14 நாளுக்குள் எழுத்தில் கேட்டாக வேண்டும். வீடு மாறும் அலைச்சலில் இரண்டு வாரம் போவது தெரியாது. காலி செய்வதாக அறிவிப்புக் கொடுத்தவுடன், அனுமதிக் கடிதம், பில்கள், பணம் கட்டிய வங்கி விவரம், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகலை இணைத்து அனுப்பிவிடுங்கள்.

வீட்டை வாங்க எண்ணுவோருக்கு

வாடகைதாரரே வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்க வழிசெய்யும் ‘ரைட் டு பை’ திட்டத்தில் வீட்டை வாங்குபவருக்கு இழப்பீடு கிடையாது. அதற்கு ஈடாக, வீட்டுக்கு விலை மதிப்பிடும்போது நீங்கள் செய்த திருத்தங்களால் கூடிய மதிப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தின் 127ஆம் பிரிவு சொல்கிறது. 2024 நவம்பர் 21 முதல் தள்ளுபடியின் உச்ச வரம்பு பகுதிக்கேற்ப 16,000 முதல் 38,000 பவுண்டாகக் குறைக்கப்பட்டுவிட்டதால், இந்த விதியின் அருமை கூடியிருக்கிறது. வீட்டைப் பார்க்க மதிப்பீட்டாளர் வரும்போது எவையெல்லாம் உங்கள் செலவில் ஆனவை என்ற பட்டியலை, அனுமதிக் கடிதத்தோடு கையில் கொடுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

மறுப்போ தாமதமோ வந்தால்

முதலில் கவுன்சிலின் முறையான புகார் வழியில் எழுதுங்கள். தொலைபேசியில் பேசியது புகாராகப் பதிவானதா என்று பிறகு தேடிக்கொண்டிருக்க நேரும். புகாரை ஏற்றுக்கொண்டபின் முதல் கட்டத்தில் 10 வேலை நாள்களிலும், அதில் நிறைவில்லை என்றால் இரண்டாம் கட்டத்தில் 20 வேலை நாள்களிலும் பதில் தர வேண்டும் என்பது வாடகைதாரர் புகார்களை விசாரிக்கும் நடுவரான ஹவுசிங் ஓம்பட்ஸ்மன் வகுத்த நெறிமுறை. 2024 ஏப்ரல் 1 முதல் இது சட்டப்படி கட்டாயம். இரண்டாம் கட்டப் பதிலும் ஏற்புடையதாக இல்லை என்றால் ஓம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் போகலாம். அனுமதியை நியாயமின்றி மறுத்தார்கள் என்ற வழக்கைக் கவுன்டி நீதிமன்றமும் விசாரிக்கும். அங்கே மறுப்பு நியாயமானது என்று நிறுவும் பொறுப்பு கவுன்சிலுடையது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தில் உதவி கேட்கலாம். போகும்போது ஒப்பந்தத்தையும், அனுப்பிய விண்ணப்பத்தையும், வந்த பதில்களையும் தேதி வரிசைப்படி அடுக்கிக்கொண்டு செல்லுங்கள்.